ஆக்ஸிவிட்டி ஏஎக்ஸ்3: திரையில்லாத கைப்பட்டை

முதியோர் உறக்கம் பற்றிய எங்கள் ஆய்வுக்கு இதைத்தான் கட்டிவிடுகிறோம். எடை 11 கிராம். நேரம் காட்டாது, அடிகளை எண்ணிச் சொல்லாது, "எழுந்து நட" என்று நச்சரிக்காது. எனக்கு அதுதான் பெரிய வசதி. எண் கண்ணில் பட்டால் மனிதர்கள் கூடுதலாக நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுக்கு வேண்டியது அவர்களுடைய வழக்கமான நாள். பிரிட்டனின் பெரிய உடல்நல ஆய்வான யூகே பயோபேங்க் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் கையில் 7 நாள் கட்டியதும் இதே கருவிதான்.

மணிக்கட்டின் அசைவை மூன்று திசைகளில் நொடிக்கு 100 முறை பதியும். கோப்பைத் திறந்தால் நள்ளிரவில் மூன்று கோடுகளும் நேராக ஓடும். புரண்டு படுத்த கணத்தில் சட்டென இடம் மாறி, மறுபடி நேராகும்.

ஆனால் கண்ணைத் திறந்தபடி அசையாமல் படுத்திருந்தாலும் அது இதற்குத் தூக்கம்தான். "பொட்டுத் தூக்கமில்லைம்மா" என்று ஒரு பாட்டி சொன்னால் கோட்டைக் காட்டி மறுக்க மாட்டேன். அவர் எழுதிய தூக்கக் குறிப்பேட்டையும் பக்கத்தில் வைத்தே படிப்பேன். கருவி வாங்குபவர்கள் குறிப்பேட்டையும் கட்டாயம் கொடுங்கள்.

குளிக்கும்போது கழற்ற வேண்டியதில்லை. இதயத் துடிப்பும் வேண்டுமென்றால் வேறு கருவி பார்க்கணும்.