கடுமையான முகப்பருவுக்கு விழுங்கும் மருந்துகள்: எது யாருக்கு, எத்தனை மாதம்?

கன்னத்தைத் தடவினால் தோலுக்கடியில் கோலிக்குண்டு போல ஒன்று தட்டுப்படும். அதற்கு வாய் இருக்காது. பிதுக்கினாலும் எதுவும் வராது, தலையணையில் சாய்த்தாலே வலிக்கும். அமுங்க வாரக்கணக்கில் ஆகும், அமுங்கிய இடத்தில் பள்ளம் விழும், அதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பியிருக்கும். முகத்தோடு நிற்காமல் மார்பு, முதுகு என்று இறங்குவதும் உண்டு. இந்த ஆழத்துக்குக் களிம்பு மட்டும் எட்டாது. தோல் மருத்துவரின் சீட்டில் மாத்திரை ஏறுவது இந்தக் கட்டத்தில்தான்.

அப்படி ஏறும் மாத்திரைகள் முக்கியமாக மூன்று வகை: ஆன்டிபயாட்டிக், ஹார்மோன் மருந்து, ஐசோட்ரெடினாயின். இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தழும்பு விழத் தொடங்கிவிட்ட முகத்துக்கு ஆன்டிபயாட்டிக் கோர்ஸையே மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பது பாதுகாப்பான வழி அல்ல. "ரொம்ப ஸ்ட்ராங்கான மருந்து, வேண்டாம்" என்று வீட்டில் எல்லோரும் பயப்படும் ஐசோட்ரெடினாயினை, உரிய பரிசோதனைகளோடு ஒரு முறை முழுதாக எடுத்து முடிப்பது பல பேருக்கு அதைவிட நல்லது. கர்ப்பம் என்ற இடத்தில் மட்டும் அந்தப் பயம் முழுக்க முழுக்க நியாயம். அங்கே விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

பரு வர நான்கு காரணங்கள் கூட வேண்டும். எண்ணெய்ச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது, மயிர்க்கால் துளை இறந்த செல்களால் அடைபடுவது, அந்த அடைப்புக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுவது, அதைச் சுற்றி அழற்சி மூள்வது. ஆன்டிபயாட்டிக் கடைசி இரண்டைத்தான் பிடிக்கிறது. ஹார்மோன் மருந்து பிடிப்பது முதல் காரணத்தை, அதுவும் பெண்களுக்கு மட்டும். ஐசோட்ரெடினாயின் நான்கையும் தொடுகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகு என்ன ஆகிறது என்பதில் இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் இங்கிருந்துதான் வருகிறது.

ஆன்டிபயாட்டிக்: காலக்கெடு உள்ள உதவி

இந்த வகையில் முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் டாக்சிசைக்ளின், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்ற கணக்கில். பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவதோடு அழற்சியையும் தணிக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் சிவப்பும் வீக்கமும் குறைவது கண்ணுக்குத் தெரியும். சிவந்த, சீழ் வைத்த பருக்கள் நிறைய இருந்து, ஆழமான கட்டிகள் சிலவே இருக்கும் முகத்துக்கு இது பொருத்தமான தொடக்கம்.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. தனியாகவும் எடுக்கக் கூடாது, பென்சாயில் பெராக்சைடு களிம்பு கூடவே போக வேண்டும். காரணம், மருந்துக்குப் பழகிப்போன பாக்டீரியாக்கள். பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்லும் விதத்துக்கு எதிர்ப்பு உருவாவதில்லை, அதனால் அது காவலுக்கு நிற்கிறது. மாத்திரையாக விழுங்கும் ஆன்டிபயாட்டிக் முகத்துக்கு மட்டும் போவதில்லை. குடலிலும் தொண்டையிலும் இருக்கும் கிருமிகளும் அதே மருந்தைச் சந்திக்கின்றன. பருவுக்காக வருடக்கணக்கில் விழுங்கியவருக்கு, நாளை வேறொரு தொற்று வரும்போது அந்த மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

டாக்சிசைக்ளினை விழுங்கும் விதம் பற்றிப் பல பேருக்கு யாரும் சொல்வதே இல்லை. இரவு படுக்கையில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீரில் மாத்திரையை உள்ளே தள்ளிவிட்டு அப்படியே சாய்ந்தால், அது உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே கரைந்து புண்ணாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கினாலும் நெஞ்சு எரியும். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிடும் இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே அவற்றுக்கு இடைவெளி விட வேண்டும். வெயிலில் தோல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கருகும் என்பதால் சன்ஸ்கிரீன் கட்டாயம். பல் வளரும் வயதுக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது.

மினோசைக்ளின் இதன் உறவுக்கார மருந்துதான். வெயில் தொல்லை அதில் குறைவு. ஆனால் தலைசுற்றல், தோலில் நீலக்கருப்புத் திட்டு, அரிதாக லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோய்) போன்ற நோய், கல்லீரல் அழற்சி என்று அதற்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. இரண்டில் ஒன்று என்றால் எனக்கு டாக்சிசைக்ளின்தான். இவை இரண்டும் சேர்ந்த டெட்ராசைக்ளின் வகையை எடுக்க முடியாதவர்களுக்கான மாற்று அசித்ரோமைசின். அதையே முதல் மருந்தாக எழுதும் வழக்கம் எனக்கு உவப்பில்லை.

ஐசோட்ரெடினாயின்

வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து இது. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி பெற்றது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருங்கச் செய்கிறது. எண்ணெய் வற்றினால் பாக்டீரியாவுக்கு உணவு போய்விடுகிறது, துளை அடைபடுவதும் குறைகிறது. ஆழமான கட்டிகள், தழும்பு விழும் பரு, மூன்று மாத ஆன்டிபயாட்டிக்குக்கும் அசையாத பரு, மனதை முடக்கிப் போடும் அளவுக்கு வாட்டும் பரு ஆகியவற்றுக்கு இதுதான் மருந்து. மற்றவை நிறுத்தியதும் பெரும்பாலும் திரும்பி வரும். இது மட்டுமே கோர்ஸ் முடிந்த பிறகும் நீண்ட காலம் முகத்தைத் தெளிவாக வைத்திருக்கக்கூடியது.

அளவு உடல் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். மொத்தமாக உடலுக்குள் போகும் அளவு கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை வர வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. 60 கிலோ எடையுள்ளவர் தினம் 40 மில்லிகிராம் எடுத்தால், 7,200 மில்லிகிராமை எட்ட 180 நாள் ஆகும். முகம் மூன்றாவது மாதமே தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் பரு திரும்பும் வாய்ப்பு கூடும். வெறும் வயிற்றில் எடுத்தால் மருந்தில் பெரும்பகுதி உடலில் சேராது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். ஆறு மாதம் வறண்ட உதட்டோடு திண்டாடிவிட்டு, சாப்பாட்டு நேரம் தப்பியதால் பலன் குறைவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

உதடு எல்லோருக்கும் வறளும். இரண்டாவது வாரத்திலேயே ஓரங்கள் வெடித்து, சிரித்தால் எரியும். பெட்ரோலியம் ஜெல்லி கையிலேயே இருக்க வேண்டும். மூக்குக்குள் வறண்டு ரத்தம் கசியலாம், கண் உறுத்தலாம், கான்டாக்ட் லென்ஸ் போட முடியாமல் போகலாம். இருட்டில் பார்வை மங்குவதாகத் தோன்றினால் இரவில் வண்டி ஓட்டக் கூடாது. கடும் உடற்பயிற்சி செய்பவர்களுக்கு மூட்டும் தசையும் வலிக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை மருந்தை நிறுத்தியதும் போய்விடும்.

உள்ளே நடப்பதை ரத்தப் பரிசோதனை காட்டும். தொடங்கும் முன் கல்லீரல் நொதிகளும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் பார்க்க வேண்டும், முழு அளவை எட்டிய பிறகு இன்னொரு முறை. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக ஏறினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம். மதுவைத் தவிர்க்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

கர்ப்பத்துக்கு வருகிறேன். இந்த மருந்து கருவின் முகம், காது, இதயம், மூளை எல்லாவற்றையும் பாதிக்கக்கூடியது. சில நாட்கள் எடுத்திருந்தாலும் ஆபத்துதான். கர்ப்பமாகக்கூடிய பெண்ணுக்குத் தொடங்கும் முன்னும் ஒவ்வொரு மாதமும் கர்ப்பப் பரிசோதனை வேண்டும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, முடித்து ஒரு மாதம் வரை நம்பகமான கருத்தடை, பொதுவாக இரண்டு முறைகள் சேர்த்து, இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2006 முதல் ஐபிளெட்ஜ் என்ற பதிவு முறையில் சேராமல் இந்த மருந்தை வாங்கவே முடியாது. மிச்சமான மாத்திரையைத் தங்கைக்கோ தோழிக்கோ கொடுப்பது இதனால்தான் பெரும் தவறு. ஆணோ பெண்ணோ, மருந்து எடுக்கும் காலத்திலும் அடுத்த ஒரு மாதத்திலும் ரத்த தானம் செய்யக் கூடாது, அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். அதே சமயம், "பிற்காலத்தில் குழந்தையே பிறக்காது" என்று பயமுறுத்துவது சரியல்ல. மருந்து உடலைவிட்டு விரைவில் வெளியேறிவிடும். அதனால்தான் ஒரு மாத இடைவெளி போதும் என்கிறார்கள்.

ஐசோட்ரெடினாயின் மனச்சோர்வைக் கொண்டுவருமோ என்ற கவலையை நான் ஒதுக்கமாட்டேன். பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை, பரு தணிந்து மனம் தெளிந்தவர்களே அதிகம். ஆனாலும் தனி ஒருவருக்கு மாற்றம் வரலாம். பழைய மனநோய் வரலாறு இருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. தூக்கம், பேச்சு, பழகும் விதம் மாறுகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது. தற்கொலை எண்ணம் எட்டிப் பார்த்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு மட்டும் திறந்திருக்கும் வழி

இருபத்தைந்தைத் தாண்டிய பின்னும் தாடையோரம், கழுத்தோரம் பரு வருகிறது, மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் கூடுகிறது என்றால் ஹார்மோன் மருந்தை யோசிக்கலாம். ஸ்பைரோனோலாக்டோன் முதலில் ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் வந்த மருந்து. ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுவதை இது தடுக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரையைவிட இது நன்றாக வேலை செய்தது. பலன் 12-ஆம் வாரத்தைவிட 24-ஆம் வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது. பொறுமை வேண்டும். சிறுநீர் அதிகமாகப் போகும், மாதவிடாய் தள்ளாடலாம். ஆண் சிசுவின் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது என்பதால் இங்கும் கருத்தடை வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை ஏற்றும் சில ரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் இது ஆபத்து.

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் பருவைக் குறைக்கும். ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. ரத்தக்கட்டு வந்தவர்கள், கண்முன் ஒளி மின்னும் வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தொடக் கூடாது. புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள கருத்தடை மாத்திரை சிலருக்குப் பருவைக் கூட்டவே செய்யும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதுகெல்லாம் கட்டியும் பள்ளமுமாக இருக்கும் பதினேழு வயதுப் பையனுக்கு இன்னொரு டாக்சிசைக்ளின் கோர்ஸ் காலத்தை வீணாக்குவது, ஐசோட்ரெடினாயின் பற்றி இப்போதே பேச வேண்டும். தாடையோரப் பருவோடு வரும் முப்பது வயதுப் பெண்ணுக்கு நான் ஸ்பைரோனோலாக்டோனை முதலில் வைப்பேன். குழந்தைக்குத் திட்டமிடுபவருக்கு மேலே சொன்னவற்றில் அநேகமாக எதுவும் கிடையாது. அசிலாயிக் ஆசிட் போன்ற களிம்புகளும், மிகத் தேவையானால் மருத்துவர் தரும் குறுகிய கால மருந்தும்தான். உடற்பயிற்சிக்காக அனபாலிக் ஸ்டீராய்டு ஊசி போடுபவருக்கு எந்த மாத்திரையும் சரியாக எடுபடாது, முதலில் ஊசி நிற்க வேண்டும். பரு திடீரென்று புண்ணாகி, காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்தால் அது அவசரம். பெரும்பாலும் முதலில் அழற்சியைத் தணிக்கும் பிரட்னிசோலோன் தந்து, பிறகு குறைந்த அளவில் ஐசோட்ரெடினாயின் தொடங்குவார்கள். எடுத்த எடுப்பிலேயே அதிக அளவு கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

ஐசோட்ரெடினாயினும் டாக்சிசைக்ளின் வகையும் ஒரே நேரத்தில் உடலில் சேரவே கூடாது. மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் ஏறிவிடும். விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் உடனே மருத்துவமனை. சளி, காய்ச்சல் என்று வேறொரு மருத்துவரிடம் போகும்போது இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. வைட்டமின் ஏ மாத்திரையும் கூடவே வேண்டாம்.

எந்த வழியில் முகம் தெளிந்தாலும், அதன் பிறகு அடாப்பலீன் போன்ற களிம்பை இரவில் தொடர்ந்து பூசுவது பரு திரும்புவதைத் தள்ளிப்போடும். ஐசோட்ரெடினாயினுக்குப் பிறகும் திரும்பினால் குறைந்தது இரண்டு மாதம் பொறுத்துத்தான் இரண்டாவது கோர்ஸ் பற்றி யோசிப்பார்கள், ஏனென்றால் மருந்து நின்ற பிறகும் முகம் தானாகத் தெளிந்துகொண்டே போவது உண்டு. மெழுகு வைத்து முடி எடுப்பதை மட்டும் ஐசோட்ரெடினாயின் முடிந்து ஆறு மாதம் வரை தள்ளிப்போடுங்கள், தோலும் சேர்ந்து உரிந்துவிடும்.