லாரி வெடித்தால் நாயகன் என்ன ஆவான்? கேம் எஞ்சின்களில் பேரன்ட்–சைல்ட் உறவு: ஓர் ஒப்பீடு

ஓடும் லாரியின் மேல் நாயகன் தாவி ஏறுகிறான். கையில் துப்பாக்கி. கொஞ்ச தூரம் போனதும் லாரி குண்டு பட்டு வெடிக்கிறது. ஆட்டத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை: சக்கரங்கள் லாரியோடு ஒழிய வேண்டும், நாயகன் தெறித்து விழுந்து பிழைக்க வேண்டும், துப்பாக்கி அவன் கையிலேயே இருக்க வேண்டும். இதை எழுத உட்கார்ந்தால் முதலில் தோன்றுவது, நாயகனை லாரிக்கு சைல்ட் ஆக்கிவிடலாம், அதாவது லாரியைப் பேரன்ட்டாக வைத்து அதன் கீழ் மாட்டிவிடலாம் என்பதுதான். ஆனால் அந்த ஒரு வரி கோட் எப்படி முடியும் என்பது, ஆட்டம் உருவாக்கும் மென்பொருளான எஞ்சினைப் பொறுத்தது: யூனிட்டியில் ஒரு மாதிரி முடியும், அன்ரியலில் வேறு மாதிரி முடியும்.

சைல்ட் ஆக்கும்போது பல முடிச்சுகள் ஒன்றாக விழுகின்றன. பேரன்ட் நகர்ந்தால் சைல்டும் நகர்கிறது, அது இடம். பேரன்ட் அழிந்தால் சைல்டும் அழிகிறதா என்பது ஆயுள். பேரன்ட்டை மறைத்தால் சைல்டும் மறைகிறதா, நிறுத்தினால் நிற்கிறதா என்பது நிலை. இடத்தை எல்லா எஞ்சினும் கட்டிப்போடுகிறது, நிலையில் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபாடு உண்டு. ஆனால் பெரிய சண்டை ஆயுளில்தான்.

யார் போனால் யார் போவார்கள்

ஆட்டத்தில் உள்ள பொருளை யூனிட்டி கேம்ஆப்ஜெக்ட் என்கிறது, கோடோ என்ற எஞ்சின் நோட் என்கிறது; இதில் இரண்டும் ஒரே கட்சி. பேரன்ட்டை டிஸ்ட்ராய் செய்தால் கீழே உள்ள அத்தனையும் சேர்ந்து போகும். கோடோவில் கியூ ஃப்ரீ என்ற ஃபங்ஷனை அழைத்தால் ஃபிரேம் (திரையில் ஒரு படம் வரையும் சுற்று) முடிவில் அந்த நோடும் அதன் கீழுள்ள சைல்டுகளின் மரமும் காலி. சக்கரங்களுக்கு இது கச்சிதம், நாயகனுக்கு ஆபத்து. வெடிப்பதற்கு முன்பே அவனைப் பிரித்து வேறொரு நோடின் கீழ் வைத்துவிட வேண்டும். கோடோ 4-இல் இதற்கென்றே ரீபேரன்ட் என்ற ஃபங்ஷன் வந்தது. உலகத்தில் அவன் நிற்கும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும். கோடோ 3-இல் பிரிப்பது, சேர்ப்பது, பழைய இடத்தில் திரும்ப வைப்பது எல்லாம் நம் தலையில்தான். யூனிட்டியின் செட்பேரன்ட்டும் சும்மா விட்டால் உலக இடத்தைக் காப்பாற்றும். இரண்டாவது ஆர்குமென்ட்டாக ஃபால்ஸ் கொடுத்தால்தான் லோக்கல் எண்களை (பேரன்ட்டிலிருந்து அளந்த இடத்தை) அப்படியே வைத்துக்கொண்டு பொருள் வேறு இடத்துக்குத் தாவும்.

கோடோவில் இன்னொரு ஓட்டையும் உண்டு. மரத்திலிருந்து பிரித்த நோடை எங்கும் சேர்க்காமலும் அழிக்காமலும் விட்டால் அது அனாதையாக மெமரியில் கிடக்கும். ஆர்ஃபன் நோடுகளைப் பட்டியலிடும் ஃபங்ஷன் ஒன்று எஞ்சினிலேயே இருக்கிறது. அப்படி ஒன்று தேவைப்பட்டதே எவ்வளவு பேர் இதில் மாட்டுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

அன்ரியல் வேறு வழியில் போகிறது. அங்கே இரண்டு அடுக்கு. ஆட்டத்தில் தனியாக நிற்கும் பொருள் ஆக்டர். ஓர் ஆக்டருக்குள் இருக்கும் காம்போனென்ட்டுகள், அதாவது அதன் உறுப்புகள், அந்த ஆக்டரின் உடைமை; ஆக்டர் போனால் அவையும் போகும். ஓர் ஆக்டரை இன்னொரு ஆக்டரோடு அட்டாச் செய்வது இடத்தை மட்டும் கட்டுவது. லாரி ஆக்டரை அழித்தால், அதில் அட்டாச் ஆன நாயகன் கழன்று உலகத்திலேயே நிற்பான். சக்கரங்களை லாரிக்குள் காம்போனென்ட்டாக வைத்திருந்தால் அவை ஒழியும். நமக்குத் தேவையானது கூடுதல் கோட் இல்லாமலே கிடைத்துவிட்டது! ஆனால் இதன் மறுபக்கம் துப்பாக்கியில் தெரியும். தனி ஆக்டராகச் செய்து கையின் சாக்கெட்டில் (பொருள் பொருத்தும் இடம்) மாட்டிய துப்பாக்கி, நாயகன் செத்து மறைந்த பிறகும் அந்தரத்தில் தொங்கும். அதை நாமே அழிக்க வேண்டும்.

யூனிட்டியின் இசிஎஸ் பக்கம் (பொருளை வெறும் அடையாளமான என்டிட்டியாகவும் அதன் தகவல்களைக் காம்போனென்ட்டுகளாகவும் பிரித்து வைக்கும் முறை), அதாவது என்டிட்டீஸ் பேக்கேஜ், இந்தப் பிரிவை இன்னும் வெளிப்படையாக வைத்திருக்கிறது. பேரன்ட் என்ற காம்போனென்ட் இடத்தை மட்டும் பார்க்கும். ஒன்றாக அழிவது லிங்க்டுஎன்டிட்டிகுரூப் என்ற தனிப் பட்டியலின் வேலை. ப்ரீஃபேபாக, அதாவது முன்பே செய்துவைத்த அச்சாக, வந்த லாரியும் சக்கரமும் அந்தப் பட்டியலில் இருக்கும். ஆட்டத்தின் நடுவில் நாம் பேரன்ட் கொடுத்த நாயகன் அதில் இருக்கமாட்டான். கேம்ஆப்ஜெக்ட் பழக்கத்தோடு வருபவருக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் இதுதான் நியாயம் என்று படும். எனக்கும் இந்த ஏற்பாடுதான் பிடிக்கிறது.

இசிஎஸ் முறையில் இயங்கும் இன்னோர் எஞ்சினான பெவியில் பழைய பாடங்களைப் பார்த்துப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். 0.15 பதிப்பு வரை டெஸ்பான் (அழிப்பது) என்றால் அந்த ஒரு என்டிட்டி மட்டும் போகும், சைல்டுகளையும் சேர்த்து அழிக்க வேறு ஃபங்ஷன். 2025-இல் வந்த 0.16-இல் சைல்டுஆஃப் என்ற உறவு வந்தது. டெஸ்பான் செய்தாலே கீழுள்ளவை எல்லாம் போகும். பழைய கோடை அப்படியே ஒட்டினால் கம்பைலர் கத்தாத இடத்தில்கூட நாயகன் காணாமல் போகலாம்.

உண்மையில் நம் நாயகனை சைல்ட் ஆக்கவே தேவையில்லை. அன்ரியலின் கேரக்டர் மூவ்மென்ட் காம்போனென்ட், ஆள் எந்தப் பொருளின் மேல் நிற்கிறான் என்று நினைவில் வைத்து, அது நகரும்போது அவனையும் நகர்த்துகிறது. பேரன்ட்–சைல்ட் மரத்தில் எந்த மாற்றமும் இல்லை. கோடோவின் கேரக்டர்பாடியும் மூவ் அண்டு ஸ்லைடு என்ற ஃபங்ஷனால் நகரும்போது காலடித் தளத்தின் வேகத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஆடிக்கொண்டே நகரும் தளத்தில் அடிக்கடி ஏறி இறங்குபவர்களுக்கு இதுவே வழி. கையில் மாட்டும் ஆயுதம், முதுகுப் பை மாதிரி நிலையாக ஒட்டியிருப்பவற்றுக்கு பேரன்ட்–சைல்டை வைத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை கூடும்போது

பத்து லாரிக்கு எந்த எஞ்சினும் ஒன்றுதான். ஆயிரம் என்றால் கதை மாறும்.

யூனிட்டி 2016-இல் 5.4 பதிப்பிலிருந்து ஒரு ரூட்டின் (மேலே பேரன்ட் இல்லாத பொருள்) கீழுள்ள எல்லா டிரான்ஸ்ஃபார்ம்களையும் (இடம், சுழற்சி, ஸ்கேல் பற்றிய தகவல்) மெமரியில் அடுத்தடுத்து வைக்கிறது. இதனால் வேகம் கூடியது, கூடவே ஒரு பொறியும் வந்தது. எடிட்டரில் பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று "எதிரிகள்" என ஒரு காலி ஆப்ஜெக்ட் வைத்து எல்லா எதிரிகளையும் அதன் கீழ் போடுவது பலருடைய வழக்கம். டிரான்ஸ்ஃபார்ம் ஜாப்கள் வேலையைத் த்ரெட்களுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தடங்கள்) பிரிப்பது ரூட் வாரியாக. எல்லோருக்கும் ஒரே ரூட் என்றால் பிரிக்க ஒன்றும் இல்லை. எட்டு கோர் இருந்தாலும் ஒரே த்ரெட் எல்லா எதிரிகளையும் சுமக்கும். பில்டு செய்யும்போது அந்தக் காலிப் பெட்டியைக் கழற்றிவிட்டாலே போதும், மற்றபடி மாற்ற எதுவும் இல்லை.

ஃப்ளெக்ஸ் என்ற இசிஎஸ் லைப்ரரியில் சைல்டுஆஃப் ஒரு ஜோடி: உறவும், யாருக்கு என்பதும். ஒரு என்டிட்டி எந்த டேபிளில் (ஒரே வகை என்டிட்டிகளை மெமரியில் சேர்த்து வைக்கும் பட்டியல்) உட்காரும் என்பதை இந்த ஜோடியும் சேர்ந்து தீர்மானிக்கிறது. ஆயிரம் லாரி, ஆளுக்கு நான்கு சக்கரம் என்றால் நான்கு நான்கு வரிகளோடு ஆயிரம் டேபிள். "இந்த லாரியின் சக்கரங்கள் எவை" என்று கேட்டால் உடனே பதில் வரும். "எல்லாச் சக்கரத்தையும் சுழற்று" என்றால் ஆயிரம் டேபிளைத் தொட வேண்டும். பெவியில் நேர்மாறு. பேரன்ட் யார் என்பது காம்போனென்ட்டுக்குள் ஒரு மதிப்பு மட்டும், அதனால் நாலாயிரம் சக்கரமும் ஒரே டேபிளில் இருக்கலாம். சின்னச் சின்ன உறுப்புகள் ஏராளமாக உள்ள ஆட்டத்துக்கு நான் பெவியின் முறையைத்தான் எடுப்பேன். உறவுகளை வைத்தே கேள்வி கேட்கும் ஆட்டம், யார் எந்தக் கட்சி, எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் என்பது மாதிரி, என்றால் ஃப்ளெக்ஸ்.

பெவிக்கு ஒரு தாமதம் உண்டு. உலக இடத்தைச் சொல்லும் குளோபல்டிரான்ஸ்ஃபார்ம், ஆட்டத்தின் கோட் ஓடும் அப்டேட் கட்டத்துக்குப் பின் வரும் போஸ்ட்அப்டேட் கட்டத்தில்தான் கணக்கிடப்படுகிறது. அப்டேட்டில் துப்பாக்கி முனை எங்கே என்று கேட்டால் போன ஃபிரேமின் விடை கிடைக்கும். வேகமாகத் திரும்பிச் சுடுபவனின் தோட்டா சற்றே தள்ளிப் பிறப்பது இதனால்தான். உடனே வேண்டும் என்றால் டிரான்ஸ்ஃபார்ம்ஹெல்ப்பரைக் கொண்டு கணக்கிடலாம். யூனிட்டி கேம்ஆப்ஜெக்ட், கோடோ, அன்ரியல் மூன்றிலும் கேட்ட நொடியில் சரியான இடம் வரும்.

நசுங்கும் சைல்ட்

எல்லா எஞ்சினிலும் உள்ள பழைய தலைவலி ஸ்கேல், அதாவது பொருளைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும். பேரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் இரண்டு மடங்கு இழுத்து, சைல்டை 45 டிகிரி திருப்பினால், சதுரம் சாய்சதுரமாகிவிடும். கோடோவின் டிரான்ஸ்ஃபார்ம்3டியும் பெவியின் குளோபல்டிரான்ஸ்ஃபார்மும் இந்தச் சாய்வைத் தாங்கும். யூனிட்டி கணக்கிடும் மேட்ரிக்ஸும் (எண் கட்டம்) தாங்கும். ஆனால் உலக ஸ்கேல் என்று அது தரும் எண்ணின் பெயரே லாஸிஸ்கேல், அதாவது தோராயம்தான். அன்ரியலின் எஃப்டிரான்ஸ்ஃபார்மில் இடம், சுழற்சி, ஸ்கேல் தவிர வேறு அறை இல்லை, ஆகவே சாய்வைச் சொல்லவே முடியாது. யூனிட்டி என்டிட்டீஸ் வழக்கையே முடித்துவிட்டது: லோக்கல்டிரான்ஸ்ஃபார்மில் ஸ்கேல் ஒரே ஓர் எண், எல்லாப் பக்கமும் சமம், ஒரு பக்கம் இழுக்க வேண்டுமானால் போஸ்ட்டிரான்ஸ்ஃபார்ம்மேட்ரிக்ஸ் என்ற தனிக் காம்போனென்ட்டைச் சேர்க்க வேண்டும். மற்ற எஞ்சின்களில் இந்தக் கட்டுப்பாட்டை நாமே வைத்துக்கொள்ளலாம்: லாரியின் ரூட் எப்போதும் 1, 1, 1, இழுப்பதும் நசுக்குவதும் மெஷ் (கண்ணில் தெரியும் உருவம்) இருக்கும் கடைசி சைல்டில் மட்டும்.