ஆறு வருஷம், ஒரு நோட்டு: காரைக்குடியில் இருந்துகொண்டு டாப், கோட், நீச்சல் உடை வாங்கிய அனுபவம்

2019 தீபாவளிக்கு முன்னால் ஒரு நோட்டு போட்டேன். எனக்காக வாங்கும் ஒவ்வொரு துணியையும் அதில் எழுதுவது என்று முடிவு. என்ன விலை, என்ன நூல், முதல் சலவையில் எவ்வளவு சுருங்கியது, எத்தனை மாதம் உழைத்தது, எப்போது அடுப்படிக் கரித்துணி ஆனது, எல்லாம். சேலைக் கணக்கு அதில் இல்லை. சேலை வாங்க நம் ஊரில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கலெல்லாம் மற்றதில்தான்: வீட்டிலும் வேலைக்கும் போடும் டாப், குர்த்தி, வண்டியில் போகப் போடும் கோட், மழைக்கோட்டு, அப்புறம் மூன்று வருஷமாக நீச்சல் உடை. நோட்டு இப்போது கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் இருந்து வாங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று அதிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் அளவு. எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்ற எழுத்தை நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். என் நோட்டின் முதல் இரண்டு வருஷப் பக்கங்களில், எக்ஸ்எல் என்று வந்த ஏழு டாப்புகளின் மார்பளவு 38 அங்குலத்திலிருந்து 43 அங்குலம் வரை இருக்கிறது. ஏழும் ஒரே எழுத்து! இப்போது செய்வது இதுதான். என்னிடம் நன்றாகப் பொருந்தும் ஒரு பழைய குர்த்தியைக் கட்டிலில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், கழுத்தடியிலிருந்து கீழ் மடிப்பு வரை டேப் வைத்து அளந்து எழுதி வைத்திருக்கிறேன். கடைக்குப் போனாலும் அந்தச் சீட்டும் டேப்பும் பையில் இருக்கும். இணையத்தில் வாங்கினால், துணியின் அளவா உடம்பின் அளவா, எதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். இரண்டுக்கும் நடுவில் மூன்று நான்கு அங்குலம் வித்தியாசம் வரும். பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது எடை. திருப்பூர் பனியன் துணியை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று. 180 என்றால் நல்ல நடுத்தரம். 140-க்குக் கீழே போனால் வெயிலில் நின்றால் உள்ளே இருப்பது தெரியும். 220-க்கு மேல் போனால் சித்திரை வெயிலில் நம் ஊரில் போட முடியாது. பாக்கெட்டில் இதை எழுதியிருக்கவே மாட்டார்கள். அதனால் அடுப்படித் தராசில் வைத்துப் பார்ப்பேன். என் அளவுக்கு அரைக்கை டீ-சர்ட் 180 கிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு வருஷம் தாராளமாக உழைக்கிறது. 130 கிராமில் வந்த ஒன்று நான்காவது மாதமே கழுத்துப்பட்டி தொங்கிப் போனது.

ரேயான் குர்த்தி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்க்க வழவழப்பாக, சில்லென்று, விலையும் குறைவாக இருக்கும். நானும் வரிசையாக வாங்கினேன். ஆனால் ரேயான் நனைந்தால் பலம் குறைந்துவிடும். பருத்தி அப்படி இல்லை, நனைந்தால் அதன் பலம் கூடும். இது தெரியாமல் ரேயானையும் பருத்தி போல முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தேன். அக்குள் தையலுக்குப் பக்கத்தில் துணியே கிழிந்தது, தையல் அப்படியே இருந்தது. இப்போது ரேயானைப் பிழிவதே இல்லை, சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிடுகிறேன். இரண்டு வருஷமாக ஒன்றும் கிழியவில்லை.

அடுத்து கோட். நம் ஊரில் போய் ஜாக்கெட் வேண்டும் என்று கேட்டால் ரவிக்கைத் துணிதான் எடுத்துப் போடுவார்கள். ஸ்வெட்டர் என்று கேட்டால் குழந்தைகளுக்கானது வரும். அது அவர்கள் குற்றமில்லை. பனி என்றாலே மார்கழியில் கோலம் போடும் நேரத்துப் பனிதான் நமக்கு. ஆனால் காரைக்குடிப் பெண்கள் வருஷம் முழுக்கப் போடும் மேலாடை ஒன்று இருக்கிறது: ஸ்கூட்டியில் போகும்போது வெயிலுக்குப் போடும் முழுக்கைப் பருத்திக் கோட். பெரியார் சிலைப் பக்கம் பகல் பதினோரு மணிக்கு நின்று பாருங்கள், வண்டி ஓட்டும் பெண்களில் நிறையப் பேர் அதைப் போட்டிருப்பார்கள். இதை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை, கண்ணில் பட்டதை எடுக்கிறோம். நான் நான்கு வாங்கி, மூன்றைத் தூக்கிப் போட்ட பிறகு கண்டது: பாலியஸ்டர் கலப்பு வேண்டவே வேண்டாம், வியர்வை உள்ளேயே நிற்கும். கைப்பிடியைப் பிடிக்கும்போது கை மேலே ஏறும், அதனால் கை நீளம் சாதாரண அளவைவிட இரண்டு அங்குலம் கூட இருக்க வேண்டும். ஜிப்பைவிட பட்டன் நல்லது, சிக்னலில் நிற்கும்போது இரண்டைக் கழற்றிக் காற்று வாங்கலாம்.

இப்போது நான் போடுவது கடையில் வாங்கியது இல்லை. எங்கள் அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலை ஒன்று, அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்டது, முந்தானைப் பக்கம் நைந்துபோய்ப் பீரோவில் கிடந்தது. நல்லதாக இருந்த உடல் பகுதியை மட்டும் எடுத்துத் தையல்கார அக்காவிடம் கோட்டாகத் தைக்கச் சொன்னேன். அவருக்கு வெட்ட மனசே வரவில்லை. "நல்லா யோசிச்சுக்கங்க, வெட்டிட்டா வெட்டினதுதான்" என்று இரண்டு தடவை சொன்னார். கண்டாங்கி கெட்டியான நெசவு, துவைக்கத் துவைக்க மெதுவாகும். வெயில் உள்ளே இறங்காது, காற்று இறங்கும். 2019-ல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து புதுச் சேலைகளும் நிறையக் கண்ணில் படுகின்றன. பழசு இல்லாதவர்கள் புதுசை வாங்கி இரண்டு மூன்று தடவை துவைத்துவிட்டு வெட்டுங்கள், தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. கட்டங்கள் முன்பக்கம் இரண்டு பாதியிலும் சேர்ந்து வரவேண்டும் என்று சொல்லிவிடுங்கள், அதற்குக் கொஞ்சம் கூடுதல் துணி பிடிக்கும்.

குளிருக்கான கோட் ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறேன். 2021 டிசம்பரில் கொடைக்கானல் போனபோது மெல்லிய ஸ்வெட்டரை நம்பிப் போய் இரவெல்லாம் நடுங்கினேன். அது 2100 மீட்டர் உயரம், சமவெளிக் கணக்கே செல்லாது. அப்புறம் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற பாலியஸ்டர் துணியில் கோட் ஒன்று வாங்கினேன், வருஷத்துக்கு ஐந்து நாள் போடுகிறேன், புதிதுபோலவே இருக்கிறது. இதற்கு அதிகம் செலவழிக்காதீர்கள். விலை பார்க்கும்போது வரியையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரை உள்ள ஓர் ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. எல்லைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் கோட்டுக்கு இது நல்ல வித்தியாசம்.

மழைக்கோட்டில் ஒரு எச்சரிக்கை மட்டும். உள்பக்கம் பியு, அதாவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு உள்ள கோட்டை மடித்துப் பீரோவில் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரப்பதத்திலும் அந்தப் பூச்சு தானாகவே கெடும். ஐப்பசியில் எடுத்துப் பிரித்தபோது என் கோட் பசைபோல ஒட்டிக்கொண்டு, செதில் செதிலாக உதிர்ந்தது. இரண்டு மழைக்காலம்தான் போட்டிருந்தேன். இப்போது ஹேங்கரில், காற்றோட்டமாகத் தொங்கவிட்டு வைக்கிறேன்.

சரி, நீச்சல் உடை. நோட்டில் பாதிக்கு மேல் இதுதான் இருக்கிறது.

2022-ல் முட்டிவலி வந்தது. தண்ணீருக்குள் நடங்கள், முடிந்தால் நீந்துங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஓட்டலாக மாற்றிய இடத்தில் நீச்சல்குளம் இருக்கிறது, காலையில் பெண்களுக்கு என்று ஒரு மணி நேரம் விடுகிறார்கள். சுடிதாரோடு இறங்கலாமா என்று கேட்டேன், கூடாது என்றார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் காரணம் புரிந்தது. பருத்தியின் பிசிறு வடிகட்டியில் போய் அடைக்கும், நனைந்த துணி கனத்து காலைக் கட்டும். அப்பத்தா காலத்தில் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு ஊருணியில் அக்கரைக்குப் போய் வந்தவர்கள் உண்டு. அந்தக் கனத்தோடு எப்படி நீந்தினார்கள் என்று இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அதனால், நீச்சல் உடை நம் பழக்கத்துக்கு ஒத்துவராது என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது: தண்ணீரில் இறங்குவது நம் பெண்களுக்குப் புதிதே இல்லை, துணிதான் மாறியிருக்கிறது.

ஊரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். "சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இருக்கு அக்கா" என்று நான்கிலும் ஒரே பதில். இணையத்தில் முட்டிவரை கால், முழங்கைவரை கை, இடுப்பில் சின்னப் பாவாடை வைத்த உடை ஒன்று 899 ரூபாய்க்குப் பார்த்து டபுள் எக்ஸ்எல் அளவில் ஆர்டர் போட்டேன். வந்தது எல். திருப்பி எடுக்கச் சொன்னால், உள்ளாடை வகையில் வருவதால் எடுக்க மாட்டோம் என்றார்கள். அளவு பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, கேட்டது வேறு, வந்தது வேறு. நல்லவேளையாகப் பார்சல் பிரித்ததைப் போனில் படம் எடுத்திருந்தேன், லேபிள் தெளிவாகத் தெரிந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு பணம் திரும்பி வந்தது. நீச்சல் உடையைப் பொறுத்தவரை பார்சலைப் படம் எடுக்காமல் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

இன்னொரு முக்கியமான அளவு, எந்தக் கடையிலும் யாரும் எனக்குச் சொல்லாதது: ஒரு தோளில் டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு நடுவில் விட்டு, முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவாருங்கள். எனக்கு 66 அங்குலம். மார்பும் இடுப்பும் பொருந்தி இந்த அளவு குறைந்தால் தோள்பட்டை இழுத்துச் சிவந்துவிடும். கூடினால் தண்ணீரில் உடை தொங்கும். நல்ல நிறுவனங்கள் அளவுப் பட்டியலில் இதைத் தனியாகக் கொடுக்கிறார்கள். கொடுக்காத இடத்தில் நான் வாங்குவதில்லை.

அடுத்து வாங்கியது நைலான் 80 சதவீதம், ரப்பர்போல நீளும் எலாஸ்டேன் நூல் 20 சதவீதம் கலந்தது. போட்டால் உடம்போடு ஒட்டி, அவ்வளவு சுகம். வாரம் மூன்று நாள் போட்டதில் எட்டே மாதம். குளோரின் முதலில் எலாஸ்டேன் நூலைத்தான் தின்னும். எனக்கு அது தெரிந்தது முற்றத்தில் ஈரம் காயப் போடும்போது. உட்காரும் இடத்துத் துணியை இரண்டு கையால் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கருநீலத் துணிக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக, நரைமுடி போல, அறுந்த நூல் நுனிகள் எட்டிப் பார்த்தன. விட்ட இடத்தில் துணி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அன்றோடு அதை நிறுத்தினேன். இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள், பொது இடத்தில் சங்கடப்பட வேண்டிவராது.

அதற்குப் பிறகு பாலியஸ்டரும் பிபிடியும் (அதுவும் பாலியஸ்டர் வகைதான், கொஞ்சம் நீளும்) கலந்த துணிக்கு மாறினேன். ஸ்பீடோவின் என்டியூரன்ஸ் வகை இந்தக் கலப்புதான், வேறு சில நிறுவனங்களிலும் கிடைக்கிறது. குளோரினை நன்றாகத் தாங்கும். போட்டுப் பழக ஒரு வாரம் பிடித்தது, இழுவை குறைவு, கொஞ்சம் விறைப்பு. நைலான் போல நெகிழ்ந்து கொடுக்காததால் அளவு சரியாக இருந்தே ஆக வேண்டும். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பதினாறு மாதம் ஆகிவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் இன்னும் ஒரு நூல் வெளியே வரவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நீந்துகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதுதான். வருஷத்தில் இரண்டு தடவை கடலுக்கோ ஓட்டலுக்கோ போகிறவர்களுக்கு நைலானே போதும்.

பராமரிப்பில் நான் கடைப்பிடிப்பது: குளத்தில் இறங்கும் முன் உடையோடு நல்ல தண்ணீரில் நனைந்துவிடுவேன், ஏற்கெனவே நனைந்த துணி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று குளத்துக்குப் போவதில்லை, எண்ணெய் குளத்துக்கும் கெடுதல், துணிக்கும் கெடுதல். வீட்டுக்கு வந்ததும் சோப்புத்தூள் இல்லாமல் இரண்டு தண்ணீர் அலசல். நம் காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் இருக்கும்போது நமக்கு என்ன குறை? பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, வளவுத் தாழ்வாரத்து (வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) நிழலில் கொடியில் இடுப்போடு மடித்துப் போடுவேன். தோள்பட்டையைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும். ஆரம்பத்தில் எங்கள் அத்தை அதை வளவில் காயப்போட விடவில்லை, பின்கட்டில் போடச் சொன்னார். பின்கட்டில் மத்தியானம் வரை நேர் வெயில், வெயில் பட்டால் துணி போய்விடும் என்று விலையோடு சேர்த்துச் சொன்னேன். மறுநாள் அவரே உள்கொடிக்கு மாற்றியிருந்தார்.

போன மாதம் செக்காலை ரோட்டுக் கடை ஒன்றில் சும்மா கேட்டுப் பார்த்தேன். முட்டிவரை உள்ள நீச்சல் உடை இரண்டு எடுத்துக் காட்டினார்கள். இரண்டும் எம் (M) அளவு, நைலான். எங்கள் வயதுப் பெண்கள் கேட்பது டபுள் எக்ஸ்எல்லும் அதற்கு மேலும்தான், அடுத்த தடவை அதையும் பாலியஸ்டர் கலப்பில் எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு, என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அளவுகளை எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன். தைக்குள் வரும் என்றார்கள். நீங்களும் அந்தப் பக்கம் போனால் கேளுங்கள், நான்கு பேர் கேட்டால்தான் கொண்டுவருவார்கள்.