தங்கச்சிக்காகக் காரைக்குடியில் ஆறு வாரம்

தங்கச்சிக்கு மூன்றாவது முறையும் கரு தங்கவில்லை, ஒன்பதாவது வாரம் என்று போன் வந்ததும் சிங்கப்பூரில் ஆறு வாரம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். நான் காரைக்குடி போய்ச் சேர்ந்த அன்றுதான் தனியார் மருத்துவமனை ஒன்றில் கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். நர்ஸம்மாக்கள் தங்கமாகக் கவனித்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு தவறு நடந்துவிட்டது. கருத்திசுவை, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டார்கள். அதில் செல்கள் செத்துப்போகும்; அப்புறம் அவற்றை வளர்த்து, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களைப் பார்க்க வழியில்லை. சுத்தமான சலைனில் (உப்புநீரில்) போட்டு உடனே லேபுக்கு அனுப்பியிருக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். மூன்று முறை இழந்தவளுக்கு அந்தப் பதிலாவது கிடைத்திருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை. யாருக்காவது இந்த நிலை வந்தால், சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் சலைன் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

சரி, அடுத்து என்ன என்று டாக்டரம்மாவிடம் கேட்டோம். கணவன் மனைவி இருவருக்கும் கேரியோடைப், அதாவது ரத்தத்தில் குரோமோசோம்களைப் பார்க்கும் சோதனை, எடுக்கச் சொன்னார். மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் கையை நீட்டினார். ஊரிலேயே ரத்தம் எடுத்து அன்றைக்கே சென்னைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. தங்கச்சிக்கு எல்லாம் சரி. மாப்பிள்ளைக்கு இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருந்தன.

மதுரையில் மரபணு ஆலோசகர் காகிதத்தில் படம் போட்டே விளக்கினார். துண்டுகள் இடம் மாறினாலும் எதுவும் குறையாததால் மாப்பிள்ளை உடம்புக்கு ஒன்றும் இல்லை. விந்தணு உருவாகும்போதுதான் ஒரு துண்டு கூடியோ குறைந்தோ போய்விடலாம். அப்படி அமைந்த கரு பெரும்பாலும் நிலைப்பதில்லை. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளில் 100க்கு 3 முதல் 5 ஜோடிகளில், இருவரில் ஒருவருக்கு இது இருக்குமாம். இயல்பாகவே நல்ல குழந்தை பிறக்க வாய்ப்பு நிறைய உண்டு, கரு தரித்தால் 11-13 வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) செய்து கருவைச் சோதித்துக் கருப்பையில் வைக்கலாம் என்றார். முக்கால் மணி நேரம் அவசரப்படுத்தாமல் பேசினார். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் மனசு நிறைந்த இடம் அதுதான்.

மாப்பிள்ளை எங்கள் அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்று ஆலோசகரிடம் கேட்டேன். இல்லை, சொந்தத்தில் கட்டினால் கவலைப்பட வேண்டியவை வேறு நோய்கள் என்றார். ஆனால் இது அத்தையிடமிருந்து மாப்பிள்ளைக்கு வந்திருந்தால் எங்கள் அப்பாவுக்கும் இருக்கலாம், அப்பா வழியாக எனக்கும் இருக்கலாம். அதனால் அத்தை முதலில் ரத்தம் கொடுப்பது நல்லதாம்.

வீட்டுக்கு வந்து வளவில் (முற்றத்தில்) உட்கார்ந்து அத்தையிடம் எல்லாம் சொன்னோம். இத்தனை நாள் "உனக்கு உடம்புச் சூடுடீ" என்று தங்கச்சியைச் சொல்லிக்கொண்டிருந்தவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. நான் கிளம்பும் வரை ரத்தம் கொடுக்கச் சம்மதிக்கவும் இல்லை. நான் அடுத்த வாரம் இங்கே சிங்கப்பூரில் கொடுக்கப் போகிறேன்.