சம்பளமா, ரூட்டா? பைலட்டுகள் போட்ட மூன்று ஓட்டுகள்

அக்கா மகன் அமெரிக்காவில் 76 சீட் ஜெட் ஓட்டுகிறான். விமானத்தின் மேல் ஒரு பெரிய கம்பெனியின் பெயர், அவன் சம்பளச் சீட்டில் வேறொரு சின்னக் கம்பெனியின் பெயர். விஷுவுக்குக் கொழிஞ்சாம்பாறை வந்திருந்தபோது திண்ணையில் இதைச் சொன்னான். பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் ஆனவண்டி, அதாவது கேரள அரசு பஸ் ஓட்டுபவர். உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்படின்னா நீ ஸ்விஃப்ட் பையன். தம்பி, ரூட்டு யாரோடது?"

அவர் கேட்டது சரியான கேள்வி. 2022 ஏப்ரலில் கேரளத்தில் கேஎஸ்ஆர்டிசி என்ற அரசு பஸ் கழகத்தின் ஸ்விஃப்ட் பஸ்கள் ஓடத் தொடங்கியபோது யூனியன்களின் கோபமெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான். நீண்டதூர சர்வீஸ்கள் ஸ்விஃப்ட் என்ற தனிக் கம்பெனிக்குப் போயின. அங்கே ஒப்பந்த ஊழியர்கள். ஓட்டுபவரே டிக்கெட்டும் கொடுக்க வேண்டும். வண்டியில் ஏறுகிறவருக்கு எல்லாமே ஆனவண்டிதான்.

அமெரிக்க பைலட் யூனியன்கள் இந்தச் சண்டையை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதி வைத்துவிடுகின்றன. அந்தப் பிரிவுக்கு ஸ்கோப் என்று பெயர். கம்பெனியின் பெயரில் பறக்கும் வேலையில் எவ்வளவு வெளிக் கம்பெனிகளுக்குப் போகலாம் என்பதற்கு அது போடும் வேலி. இப்போது பெரிய கம்பெனிகளில் வேலி நிற்கும் இடம் 76 சீட், 86,000 பவுண்டு எடை, அதாவது சுமார் 39 டன். அதற்கு மேற்பட்ட விமானம் என்றால் சொந்த பைலட்தான் ஓட்ட வேண்டும். எம்ப்ரயர் கம்பெனியின் புதிய இ175-இ2 ரகம் இந்த எடைக்குள் அடங்காததால் அமெரிக்காவில் விலைபோகவில்லை. ஜப்பானின் மிட்சுபிஷி 2023-இல் தன் ஜெட் திட்டத்தையே கைவிட்டது. அதற்கு வேறு சிக்கல்களும் உண்டு என்றாலும் இந்த வேலியும் ஒரு காரணம்.

ஆக, புது ஒப்பந்தம் வரும்போதெல்லாம் பேரம் ஒரே மாதிரிதான். "சம்பளம் கூட்டித் தருகிறோம், வேலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள்." ஒத்துக்கொள்வதா, வேண்டாம் என்பதா? இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க 2012-ஐவிட நல்ல வருடம் கிடைக்காது. டெல்டா, அமெரிக்கன் என்ற இரண்டு பெரிய விமானக் கம்பெனிகளின் பைலட்டுகளும் சில வாரங்கள் இடைவெளியில் புது ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். டெல்டாவில் 'சரி', அமெரிக்கனில் 'வேண்டாம்'.

டெல்டாவில் ஜூன் மாதம் 62 சதவீதம் பேர் சரி என்றார்கள். 76 சீட் ஜெட்டுகள் இன்னும் 70 வெளியே போகலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். இதை மட்டும் கேட்டால் தோற்றுப்போன மாதிரி இருக்கும். பதிலுக்கு என்ன வாங்கினார்கள் என்பதில்தான் விஷயம். சம்பள உயர்வு உண்டு. வெளியாட்கள் ஓட்டிய 50 சீட் ஜெட்டுகளை 125-க்குக் குறைக்க வேண்டும். டெல்டா தன் பைலட்டுகளுக்கென்று 88 போயிங் 717 விமானங்களைக் கொண்டுவர வேண்டும். அப்புறம், நான் முதலில் படிக்கச் சொல்வது இதைத்தான்: சொந்த விமானங்கள் பறக்கும் நேரத்துக்கும் வெளி விமானங்கள் பறக்கும் நேரத்துக்கும் ஒரு விகிதம்.

டிரைவர் அண்ணனுக்கு இது சட்டென்று புரிந்தது. பாலக்காடு - பொள்ளாச்சி ரூட்டைப் பார்த்தவருக்குப் புரியாமல் போகுமா? இரு மாநில ஒப்பந்தத்தில் நம் வண்டி இத்தனை கிலோமீட்டர் என்றால் அவர்கள் வண்டியும் அதற்கு ஈடாக ஓடவேண்டும். எத்தனை வண்டி வைத்திருக்கிறாய் என்பதைவிட எவ்வளவு தூரம் ஓட்டுகிறாய் என்பதுதான் பேச்சு. விமானங்களை எண்ணிக் கட்டுப்படுத்தினால், கம்பெனி அதே விமானத்தைக் கூடுதல் நேரம் ஓட்டிவிட்டுப் போகும். நேரத்தைக் கட்டினால் அந்தச் சந்து அடைபடும்.

இந்தக் கணக்கில் நஷ்டம் வேறொருவருக்கு. டெல்டாவுக்கே சொந்தமான காம்ஏர் என்ற சின்னக் கம்பெனி அதே ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது. 2001-இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து சம்பளம் உயர்த்திக்கொண்ட பைலட்டுகள் அவர்கள். அவர்கள் ஓட்டியவற்றில் குறைக்கப்பட வேண்டிய அந்த 50 சீட் ஜெட்டுகளும் இருந்தன.

இனி அமெரிக்கன். அந்தக் கம்பெனி 2011 நவம்பரில் திவால் மனு போட்டிருந்தது. 2012 ஆகஸ்டில் 61 சதவீத பைலட்டுகள் நிர்வாகத்தின் கடைசி ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். பல வருடக் கோபம், எனக்கு அது புரிகிறது. ஆனால் அடுத்த மாதமே நீதிபதி பழைய ஒப்பந்தத்தைத் தூக்கியெறிய கம்பெனிக்கு அனுமதி கொடுத்துவிட்டார். விமானங்கள் தாமதமாயின, ரத்தாயின. பைலட்டுகள் வேண்டுமென்றே செய்வதாக நிர்வாகம் சொன்னது, யூனியன் மறுத்தது. டிசம்பரில் வேறொரு ஒப்பந்தம் வந்து சுமார் 74 சதவீதத்தில் நிறைவேறியது. வேலியும் 76 சீட்டுக்கு நகர்ந்தது. அதுவரை, ஒரு தொகுதி 70 சீட் ஜெட்டுகள் தவிர, எல்லை 50-தான்.

இதை வைத்து 'சரி' சொன்னவன் கெட்டிக்காரன், 'வேண்டாம்' சொன்னவன் முட்டாள் என்று முடித்துவிடலாம் போலிருக்கும். முடியாது. அதே டெல்டாவில் 2015-இல் 65 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மறுவருடம் சம்பளம் கூடிய ஒப்பந்தம் வந்தது, 82 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

இரண்டு 'வேண்டாம்', இரண்டு விதமான முடிவு. ஏன்? அமெரிக்காவில் விமானக் கம்பெனிகள் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1926-இல் ரயில்களுக்கு வந்த சட்டம், 1936-இல் விமானங்களுக்கும் நீட்டப்பட்டது. அதன்படி ஒப்பந்தத்துக்குக் காலாவதி கிடையாது. தேதி முடிந்தாலும் புதியது கையெழுத்தாகும்வரை பழையது ஓடிக்கொண்டிருக்கும். லாபத்தில் இருக்கும் கம்பெனியில் 'வேண்டாம்' என்றால் மறுநாள் காலையிலும் நேற்றைய ஒப்பந்தம் கையில் இருக்கிறது. திவால் நீதிமன்றத்தில் அப்படியில்லை. அங்கே நேற்றைய ஒப்பந்தத்தையே ரத்து செய்ய முடியும். ஓட்டுப் போடுமுன் பார்க்க வேண்டியது சம்பள சதவீதத்தை அல்ல. வேண்டாம் என்று சொன்ன மறுநாள் எந்தக் காகிதம் செல்லும் என்பதை.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்த்த ஆலையில் போனஸோடு சேர்த்து "பேக்கிங் மட்டும் காண்ட்ராக்ட்" என்று ஒரு வரி வந்தது. கையெழுத்துப் போட்டோம். வேண்டாம் என்றிருந்தால் பழைய ஒப்பந்தமே தொடர்ந்திருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போனஸ் ஓணத்தோடு செலவழிந்தது. பேக்கிங் திரும்பி வரவே இல்லை. லோடிங்கும் பின்னாலேயே போனது.

வெளியே கொடுப்பதன் விலை பணம் மட்டுமில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே விழுந்த விமானத்தின் டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல், ஓட்டியது கோல்கன் ஏர். 50 பேர் இறந்தார்கள். துணை பைலட் சியாட்டில் பக்கத்திலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். சின்னக் கம்பெனிகளின் சம்பளமும் களைப்பும் அதன்பிறகுதான் பொதுப்பேச்சானது. 2013 முதல் துணை பைலட்டுக்கும் பொதுவாக 1,500 மணிநேர அனுபவம் கட்டாயம். பைலட் கிடைப்பது கடினமாக, 2022-இல் அமெரிக்கனின் சொந்தத் துணைக் கம்பெனிகள் ஆரம்பச் சம்பளத்தை மணிக்கு 90 டாலருக்கு உயர்த்தின. மலிவு என்றுதானே வெளியே கொடுத்தார்கள்!

நம்மூரில் இண்டிகோ 78 சீட் ஏடிஆர் விமானங்களை 2017 முதல் தன் பைலட்டுகளை வைத்தே ஓட்டுகிறது. ஏர் இந்தியாவோ சின்ன விமானங்களை அலையன்ஸ் ஏர் என்று தனியாக வைத்திருந்தது. 2022 ஜனவரியில் டாடா கைக்குப் போனபோது அலையன்ஸ் ஏர் மட்டும் அரசிடமே தங்கிவிட்டது. தனி வீடு கட்டி வைத்தால் விற்கும்போது பிரிப்பது சுலபம்.

மாப்பிள்ளைக்கு வேலி நகர்வதில் இரட்டை மனம். நகர்ந்தால் அவன் கம்பெனிக்கு விமானம் கூடும், அவன் சீக்கிரம் கேப்டன் ஆவான். நகராவிட்டால் பெரிய கம்பெனி ஆள் எடுக்கும், அவன் அங்கே போகலாம்.

"உன் ஓட்டு எதுக்கு?" என்றார் டிரைவர் அண்ணன்.

"எனக்கு ஓட்டு இல்லைங்க மாமா. பெரிய கம்பெனி ஆளுங்களுக்குத்தான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். எங்கள் ஆலையில் பேக்கிங்குக்கு வந்த பிள்ளைகளிடமும் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.