பலகையில் டி.டி.சி.பி. நம்பர் இருக்கிறதா? அது உங்கள் சைட்டுக்குத்தானா?

3,20,000 ரூபாய். அட்வான்ஸாகக் கொடுத்தது. இனி வராது என்று போன வாரம்தான் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். முதன்முதலாக இடத்தில் பணம் போடுகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவிநாசி – அன்னூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லேஅவுட். விற்பது சைட் புரமோட்டர் ஆபீஸ் ஒன்று. செம்மண் ரோடு, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், முகப்பில் ஆர்ச். பலகையில் டி.டி.சி.பி. நம்பரும் (நகர் ஊரமைப்புத் துறை லேஅவுட்டுக்குத் தரும் அப்ரூவல்) ரெரா நம்பரும் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு) பெரிதாக. ரெரா தளத்தில் போட்டுப் பார்த்தேன், அதே லேஅவுட் பெயர் வந்தது. அப்புறம் என்ன சந்தேகம் வரும்? மேனேஜர் வரைபடத்தை விரித்து, ஒரு மூலையில் சிவப்புப் பேனாவால் சுழித்தார். "கிழக்குப் பார்த்த கார்னர் சைட்டுங்ணா, உங்களுக்குன்னே பிடிச்சு வெச்சிருக்கேன். அத்திக்கடவுத் தண்ணி வந்திருச்சு, இனி சென்ட் விலை ஏறும்ங்க. நம்ம ஊர்க்காரங்களை ஏமாத்திட்டு நாங்க எங்கீங்க போறது?"

20 லட்ச ரூபாய் சைட். கொடுத்தது 3,20,000.

லோனுக்குப் போனபோதுதான் பேங்க் வக்கீல் போட்டு உடைத்தார். அந்த அப்ரூவல் முன்பக்கத்துச் சர்வே எண்களுக்கு மட்டும். அங்கே எல்லாம் விற்றாயிற்று. எனக்குக் காட்டிய பின்பக்கம் வேறு சர்வே எண், இன்னும் விவசாய நிலம். பட்டா அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரில் இருக்க, விற்கும் அதிகாரத்தை, அதாவது பவரை, புரமோட்டருக்கு எழுதிக் கொடுத்தது அண்ணன் மட்டும். அப்ரூவல் இல்லாமல் புதிதாகப் பிரித்த மனையைச் சார் பதிவாளர் பதிய மாட்டார்.

அப்புறம் அலைச்சல். "பைல் மேலே போயிருக்குங்க." "ஆடி முடியட்டும்ங்க." "எம்.டி. வெளியூருங்க, டீ சாப்பிடுங்க." டீக்கு மட்டும் ஒருநாளும் குறை வைக்கவில்லை. கடைசியில் அதே மேனேஜர், "ரசீதுக்குப் பின்னாடி படிச்சீங்களா?" என்றார். திருப்பினால், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்: அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது. 3,20,000 ரூபாய்க்கு அந்த ஒரு வரி!

விரிவாக எழுத இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: அப்ரூவல் நகலில், ரெரா பக்கத்தில், பட்டாவில் இருக்கும் சர்வே எண் நீங்கள் நிற்கிற சைட்டின் எண்தானா என்று புலப்படத்தோடு (சர்வே எண்ணின் எல்லையைக் காட்டும் வரைபடம்) ஒப்பிடுங்கள். 30 வருட வில்லங்கச் சான்று போட்டு, பதிவான விற்பனை, அடமானம் என்னென்ன என்று பாருங்கள். பவர் என்றால் பட்டாவில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா, அது இன்னும் ரத்தாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்க ரெரா சட்டத்தில் இடமில்லை. என் சைட்டுக்கு அது 2 லட்சம்தான். வாங்கியதோ 3,20,000.

அந்தப் பக்கம் பின்வரிசையில் அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இன்னும் இருப்பீர்கள். ரசீதைத் தொலைக்காமல் வையுங்கள், கீழே சொல்லுங்கள். குற்றப்பிரிவு போலீஸுக்குச் சேர்ந்தே போகலாம்.