ஆவணியிலும் வடிவாக நிற்கும் முற்றம்: ஒட்டுசுட்டான் பக்கத்து எட்டு வருட அனுபவம்

எங்கள் வீடு, போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கில் இந்திய அரசு காசு கொடுத்துக் கட்ட உதவிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா உதவியில் எழும்பிய 550 சதுர அடி வீடு. வீட்டு வேலை முடிந்தபோது கையில் இருந்த காசும் முடிந்துவிட்டது. முன்னால் வெட்டவெளி, சுற்றிவரத் தகரவேலி, மூலையில் மிஞ்சிப்போன மணல் கும்பி. மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு போகிற வீதியில் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தத் தோற்றம் நல்லாகத் தெரியும். 2018 தொடக்கத்தில்தான் முற்றத்தில் கை வைத்தேன். அன்றில் இருந்து கிரவல் (செம்மண் கலந்த சரளை), கல், புல், பூமரம், வேலி என்று எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. காசு செலவழிக்க முன்னம் யாராவது இதை வாசித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வன்னியில் ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் எல்லா முற்றமும் வடிவுதான். மழை பெய்கிறது, தானாகப் பச்சை பிடிக்கிறது. ஒரு முற்றம் நல்ல முற்றமா என்று பார்க்க வேண்டுமானால் ஆவணியில் வந்து பார்க்க வேண்டும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று மாதக்கணக்காக அடித்து, மண் வெடித்து, கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போயிருக்கும் நேரம். நான் போட்டுப் பார்த்த ஒவ்வொன்றையும் அந்த மாதத்தை வைத்துத்தான் இப்போது அளக்கிறேன்.

முதலில் போட்டது கிரவல். ட்ரக்டர் பெட்டியில் இரண்டு லோட் பறித்து, படலையில் இருந்து வாசல் வரை பரவினோம். சேறு நின்றது, பார்க்கவும் செம்மண் நிறத்தில் துப்புரவாக இருந்தது. அந்த மார்கழியே 2018 வெள்ளம் வந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீரில் நின்ற வெள்ளம். பாதிக் கிரவல் ஒழுங்கைக்குப் போய்விட்டது. அதில் கிரவலின் பிழை இல்லை. ஓரத்துக்குக் கல் வைக்காமல், தண்ணீர் ஓட வாட்டம் பார்க்காமல் பரவியது என் பிழை. ஓரம் கட்டிப் போடுகிறவர்களுக்குக் கிரவல் இப்போதும் மலிவான, நல்ல தெரிவு.

அப்புறம் 2019இல் இன்ரலொக் கல், ஒன்றோடொன்று பொருத்திப் பதிக்கிற சீமெந்துக் கல். "பிள்ளை, கல்லுப் பதிச்சா சேறும் இல்லை, கூட்டுற வேலையும் இல்லை" என்றார் மேசன் ஐயா. போட்ட முதல் மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் வடிவென்று சொன்னார்கள். பங்குனி பிறந்ததும் கதை மாறியது. மத்தியானம் வெறுங்காலோடு இறங்க முடியாது. பகல் முழுக்கக் குடித்த வெக்கையைப் பொழுதுபட்ட பிறகு கல் விறாந்தைக்கு விடும். ஏழு மணிக்கும் விறாந்தையில் இருந்து கதைக்க முடியவில்லை. அடிமண்ணைச் சரியாக இடித்து இறுக்காததால் இரண்டு மாரி போனதும் இடைக்கிடை பள்ளம் விழுந்தது. இடுக்குகளில் கோரை முளைத்தது. கூட்டுகிற வேலை குறையவில்லை, குனிந்து பிடுங்குகிற வேலையும் கூடச் சேர்ந்தது.

என் மனதை உண்மையில் மாற்றியது ஒரு தைப்பொங்கல். அம்மாவுக்கு முற்றத்தில் பொங்காவிட்டால் அது பொங்கல் இல்லை. விடிய முன்னம் எழும்பி, சாணி தெளித்து மெழுகி, கோலம் போட்டு, மூன்று கல் வைத்துப் பானை ஏற்ற வேண்டும். அந்த முறை மெழுகுவதற்கு மண் இல்லை. கல்லின் மேலேயே அடுப்பை மூட்டினோம். பால் பொங்கி வருகிற நேரம் "டப்" என்று ஒரு சத்தம். அடுப்புக்குக் கீழே இருந்த இரண்டு கல் வெடித்துச் சில்லாகத் தெறித்தது. ஒருவருக்கும் காயம் இல்லை, பானையும் சரியவில்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை, மிச்ச அரிசியைப் போட்டுக் கிண்டினா. அடுத்த கிழமையே அலவாங்கை எடுத்துப் பத்தடிக்குப் பத்தடி கல்லைக் கிளப்பினேன். அந்த இடம் இன்றைக்கும் மண்தான். தினமும் காலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டினால், வளைவு வளைவாகக் கோடு விழுந்து கிடக்கும் அந்த மண்ணுக்கு ஈடான வடிவு எந்தக் கல்லிலும் இல்லை. இதை மனதார எழுதுகிறேன்.

புல்லைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. பாயாகச் சுருட்டி விற்கிற புல்லைக் கொஞ்ச இடத்தில் பதித்தேன். காலை ஆறு வாளி, மாலை ஆறு வாளி. கிணறு இறங்கியதும் குடிக்கவா, புல்லுக்கா என்ற கேள்வி வந்தது. விட்டுவிட்டேன். புல் விருப்பம் என்றால் எங்கள் மண்ணில் அறுகு போதும். காய்ந்து கிடந்தாலும் முதல் மழைக்கு வேரில் இருந்து வந்துவிடும்.

பூமரங்களில் என்னை ஏமாற்றாதது போகன்வில்லா. முதல் வருடம் நான் தினமும் தண்ணீர் விட்டேன், இலையாகத் தள்ளியது, பூ இல்லை. தண்ணீரைக் குறைத்த பிறகுதான் கொத்துக் கொத்தாகப் பூத்தது. வேர் பிடித்த பின் அதைக் காயவிட வேண்டும். எங்கள் கோடைக்கென்றே பிறந்த மரம். குரோட்டன் வெயிலில் நல்ல நிறம் எடுக்கும், ஆனால் சோளகக் காற்றுக்கு நேரே வைத்தால் இலை ஓரம் கருகும். அதைச் சுவர் மறைவுக்கு மாற்றினேன். செவ்வரத்தையைக் கட்டாக்காலி மாடுகள் இரண்டு தரம் அடியோடு தின்றன, மிஞ்சிய மொட்டைக் குரங்கு பிய்த்தது. படலை ஓரத்தில் இப்போது மாடு வாய் வைக்காதவைதான்: அலரியும் பட்டிப்பூவும். அலரி முழுக்க நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்; பட்டிப்பூவிலும் நஞ்சு இருக்கிறது, பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. இலையில் தெளித்தால் வெள்ளைப் புள்ளி படியும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் மினுக்கம் வராது. அடியில் மட்டும் ஊற்றுங்கள்.

வேலிதான் செலவு குறைந்து பலன் கூடிய வேலை. 2020 ஐப்பசி மழைக்கு முன்னால் தகரத்தைக் கழற்றிவிட்டு, ஆள் உயரத்துக்குச் சீமைக்கிளுவைக் கதியால் (நட்டால் துளிர்க்கிற தடி) நட்டோம். பெரும்பாலானவை துளிர்த்துவிட்டன. வெட்டுகிற குழை ஆட்டுக்கும் ஆச்சு, மரங்களுக்குப் பசளையும் ஆச்சு. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து எல்லோரும் பசளை தேடி அலைந்தபோது, என் பூமரங்களுக்கு இந்தக் குழையும் சாணியும் போதுமாக இருந்தது. ஒரு கவனம்: காய்ந்த இலையைக் குவித்துச் சுவரோடு அணைத்து வைக்காதீர்கள், கறையான் அதைப் பிடித்துக்கொண்டு யன்னல் நிலை வரை ஏறும். எங்கள் வீட்டில் ஏறியது.

எல்லாவற்றுக்கும் மேலே வேம்பு. 2018இல் தானாக முளைத்த முழ உயரக் கன்று, மேற்குப் பக்கம் நின்றதால் பிடுங்காமல் விட்டேன். இப்போது பின்னேர வெயில் விறாந்தைக்கு வராது. மாசி, பங்குனியில் இலை கொட்டும், இரண்டு நேரம் கூட்ட வேண்டும். அதைப் பாரமாக நான் நினைக்கவில்லை. அதன் அடியில் அரையடி ஆழத்துக்கு அகலமான பாத்தி ஒன்று வெட்டி, கூரைப் பீலியில் வழிகிற மழைத் தண்ணீரைக் குழாயால் அதற்குள் இறக்கியிருக்கிறேன். ஒரு அங்குல மழைக்கு 550 சதுர அடிக் கூரையில் ஏறக்குறைய 1,300 லீற்றர் விழும். முன்பு அவ்வளவும் முற்றத்தை அரித்துக்கொண்டு ஓடியது. 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் மழையில் பாத்தி நிரம்பி வழிந்தது, ஆனால் கூட்டுகிற முற்றத்தில் ஒரு வாய்க்கால் கூட அரிக்கவில்லை. அந்த ஈரம் நிலத்தில் நின்றதால் இந்த மாசியில் நான் வாளி தூக்கியது குறைவு.

படலையில் இருந்து வாசல் வரை மூன்றடி அகலத்துக்குக் கல் நடைபாதை இன்னும் இருக்கிறது. மாரியில் அது தேவை. மற்ற இடத்தில் மிஞ்சியிருக்கும் கல்லையும் வருகிற புரட்டாதிக்குள் கிளப்பிவிடுவேன். அந்த இடத்துக்கு ஒரு கொன்றைக் கன்று பார்த்து வைத்திருக்கிறேன். இப்போது பையில் நிற்கிறது, மூன்று இலை விட்டிருக்கிறது.